நீர்நாய்க் காது வைத்த தம்பதி

குவானா
ரெய்வா 5-ஆம் ஆண்டு (2023), ஏப்ரல் 12

ரிட்சுகோவுக்கு,

காது வைத்துக்கொண்டால் என்னடி? என் தலையில்தானே வைத்தேன், உன் மாமியார் தலையிலா வைத்தேன்? எண்பது வயதுக்காரன் நீர்நாய்க் காது வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் போட்டிருக்கிறது? 'ரிட்சு' என்றால் சட்டம் என்று வாத்தியார் சொன்னார். நல்ல பெயராக இருக்கிறதே என்று உனக்கு வைத்தேன். இப்படிப் பலிக்கும் என்று தெரிந்திருந்தால் ஏதாவது பூவின் பெயரை வைத்திருப்பேன்.

போனை நடுவில் வைத்துவிட்டேன் என்று குதிக்காதே. நீ கத்தினால் என் காதுக் கருவி விசில் அடிக்கிறது. கடிதத்தில் கத்த முடியாது. அதனால் இனிமேல் எழுது.

முதலில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். இங்கே செர்ரிப் பூ எல்லாம் உதிர்ந்து சாக்கடையில் மிதக்கிறது. அங்கே கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். நீ சுகமா? மாப்பிள்ளை வயிறு எப்படி இருக்கிறது? எனக்கு மழைக்கு முன்னால் முட்டி வலிக்கும், வேறொன்றும் இல்லை.

பத்திரிகையில் வந்த படத்துக்கு வருகிறேன். நானும் மிசாவோவும் ஆற்றுமுகத்தில் இருக்கிற 'நீர்நாய் நாடு' பூங்காவுக்குப் போனோம். விளையாட்டுப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பட்டையில் தைத்த காது வாங்கித் தலையில் வைப்பார்கள். நாங்களும் வைத்தோம். உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் வந்து என்னவோ கேட்டார். பக்கத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். மறுநாள் பார்த்தால், எங்கள் படத்துக்குக் கீழே 'வசந்தத்தைக் கொண்டாடும் தம்பதி: தானெமுரா கிஹெய் (80), மனைவி மிசாவோ (69)' என்று போட்டிருக்கிறது.

உனக்குக் கோபம் காதின் மேலா, அந்த 'மனைவி'யின் மேலா? காதின் மேல்தான் என்று போனில் சொன்னாய். நானும் நம்பிவிட்டேன்.

மிசாவோ யார் என்று கேட்டாய். ஸ்டேஷன் பக்கத்துக் காபிக்கடையில் காலையில் எனக்கு எதிரே உட்காருகிறவள். புருஷன் போய்ப் பல வருடம் ஆகிறது. அந்தக் கடையில் காலைக் காபி வாங்கினால் ரொட்டியும் முட்டையும் சும்மா கொடுப்பார்கள். என் ரொட்டியை அவள் சாப்பிடுவாள், அவள் முட்டையை நான் சாப்பிடுவேன். அப்படி ஆரம்பித்தது.

கனசாவாவில் இன்னும் குளிராமே, கழுத்தை மூடிக்கொள்.

உன் அப்பா


கனசாவா
ஏப்ரல் 21

அப்பாவுக்கு,

இங்கே மலையெல்லாம் பச்சை கட்டிவிட்டது. உங்கள் முட்டிக்குத் தனியாக ஒரு பட்டை அனுப்பியிருக்கிறேன். அவர் வயிறு பரவாயில்லை.

பத்திரிகையை வெட்டி என் மாமியாருக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். 'உங்க அப்பா எப்போ கல்யாணம் பண்ணிக்கிட்டார்? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே' என்று சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் என்ன சொல்லுவேன்?

அந்தம்மாவுடன் பேசுவதை நான் தடுக்கவில்லை. உங்கள் வயதில் துணை வேண்டும் என்று எனக்கும் தெரியும். அதற்காகத்தான் 'தேநீர்த் துணை' என்று ஒரு மரியாதையான வார்த்தை இருக்கிறது. யார் கேட்டாலும் அப்படிச் சொல்லுங்கள். பத்திரிகைக்குப் போய், 'மனைவி' என்று வந்தது தவறு என்று ஒரு திருத்தம் போடச் சொல்லுங்கள். சின்ன எழுத்தில் போட்டாலும் போதும்.

அம்மா போய் ஆறு வருடம்தான் ஆகிறது. கல்லறைக் கல்லில் அம்மா பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரையும் வெட்டிச் சிவப்புப் பூசியிருக்கிறது. நீங்கள் போகிற அன்றைக்குத்தான் அந்தச் சிவப்பை எடுப்பார்கள். அதுவரை அம்மா அங்கே தனியாகக் காத்திருக்கிறாள். இதை நான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறதே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிட்சுகோ


குவானா
ஏப்ரல் 29

ரிட்சுகோவுக்கு,

பட்டை வந்தது, நன்றாகப் பிடிக்கிறது. வயல்களில் தண்ணீர் கட்டிவிட்டார்கள், தவளைச் சத்தத்தில் கருவி இல்லாமலே காது கேட்கிறது. நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நன்றாகத் திட்டுகிறாயே.

தேநீர்த் துணை என்று சொல்ல முடியாது. நாங்கள் குடிப்பது காபி.

சிவப்பைப் பற்றி எழுதினாயே, அதில் ஒரு கதை இருக்கிறது. காதின் பட்டையில் பெயரைப் பின்னித் தருகிற கடை ஒன்று அங்கே இருக்கிறது. அந்தப் பெண் எங்கள் பெயரைக் கேட்டுவிட்டுச் சிவப்பு நூலைக் கோத்தாள். மிசாவோ முகம் செத்துவிட்டது.

"வேணாம்மா. என் பேரு ஏற்கெனவே ஒரு இடத்துல சிவப்புல இருக்கு."

"எங்க பாட்டி? போன வருஷக் காதுலயா?"

"கல்லறையில."

அந்தப் பெண் ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். "ஐயோ, மன்னிச்சிருங்க பாட்டி! காதல் ஜோடிங்க எல்லாரும் சிவப்புதான் கேப்பாங்க, அதான்..."

"இந்தக் காதல் ஜோடிக்கு நீலம் போடு," என்றேன். மிசாவோ என் முதுகில் ஓர் அடி வைத்தாள். பத்திரிகைப் படத்தில் நான் குனிந்திருப்பது வயதால் இல்லை, அந்த அடியால்.

விஷயம் என்னவென்றால், மிசாவோவின் புருஷனுடைய குடும்பக் கல்லில் அவள் பெயரும் உன் அப்பன் பெயர் மாதிரியே சிவப்பாக நிற்கிறது. கல்லுக்குக் காவல், தோமியே என்கிற புருஷனின் தங்கை. படம் வந்த அன்றைக்கே தோமியே மிசாவோ வீட்டு வாசலில் வந்து நின்றாளாம்.

"அண்ணி, மிசாவோன்னா என்ன அர்த்தம் தெரியுமில்ல?"

"பதிவிரதைன்னு அர்த்தம். எங்கப்பா வெச்சாரு. வைக்கிறப்போ என்னைக் கேக்கல."

"அந்தக் கிழவனோட காதை மாட்டிக்கிட்டுச் சுத்தறத நிறுத்துங்க. இல்லைன்னா எங்க கல்லுல இருந்து உங்க பேரை வழிச்சு எடுத்துருவோம். அப்புறம் சாம்பலை எங்க கொண்டு வைப்பீங்கன்னு பாக்கறேன்."

மிசாவோ கதவைச் சாத்திவிட்டாள். ஆனால் அதற்கப்புறம் மூன்று நாள் காபிக்கு வரவில்லை. அவளுக்கும் சேர்த்துக் காபி வாங்கி, அவள் முட்டையையும் என் முட்டையையும் நானே சாப்பிட்டேன், இறங்கவில்லை.

அதனால் திருத்தம் போடச் சொல்ல இப்போது எனக்கு நேரமில்லை. மாப்பிள்ளைக்குக் கஞ்சி கொடு.

அப்பா


கனசாவா
மே 30

அப்பாவுக்கு,

மழைக்காலம் நெருங்குகிறது. நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். திருத்தம். அதற்குப் பதில் இல்லை, மற்றக் கதையெல்லாம் இருக்கிறது.

அந்தம்மாவின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவருக்கு அந்தக் கல்லில் இடம் இல்லாமல் போனால் நம் கல்லைத் திறக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது அம்மாவின் இடம். இதில் என் பேச்சை மாற்ற முடியாது.

ஈரத்தில் நடக்காதீர்கள்.

ரிட்சுகோ


குவானா
ஜூன் 5

ரிட்சுகோவுக்கு,

நேற்று மழைக்கு நடுவே வெயில் அடித்தது, நாங்கள் பூங்காவுக்குப் போய்விட்டோம். ஆமாம், திரும்பவும். ஆமாம், காதோடு. நீ நலமா? தோள்பட்டை வலி போயிற்றா?

போகலாம் என்றது நான் இல்லை. மிசாவோ தானாக என் வீட்டுக்கு வந்தாள், தலையில் காது ஏற்கெனவே இருந்தது. தெரு முழுக்க அப்படியே நடந்து வந்திருக்கிறாள்! மீன்கடைக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"பெரியவரே, கிளம்புங்க. அந்தப் பெரிய ரயில்ல ஏறணும்."

ரோலர் கோஸ்டரைச் சொல்கிறாள். எழுபது முடிந்தவர்களை அதில் ஏற்ற மாட்டார்கள். வாசலில் நிற்கிற பெண் என் வயதைக் கேட்டாள். அறுபத்தொன்பது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த கேள்வி கேட்டாள்.

"ஐயா பிறந்தது எந்த விலங்கு வருஷம்?"

"ஆடு," என்று சொல்லிவிட்டேன். நிஜம் அது ஒன்றுதானே வாயில் வரும்.

"அம்மா உங்களுக்கு?"

"அறுபத்தொன்பது. குதிரை," என்றாள் மிசாவோ.

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. ஒருத்தர் குதிரை, ஒருத்தர் ஆடா?"

பின்னால் வரிசையில் நின்ற பள்ளிக்கூடப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வருடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு விலங்கு சுற்றி வருகிறது. பொய் சொல்லுகிறவன் பன்னிரண்டு வருடம் குறைக்க வேண்டும், அப்போதுதான் விலங்கு மாறாது. நான் பதினொன்று குறைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடக்கும்போது நான் ஆற்றில் இருந்தேன், அதன் பலன்.

"நீங்க கீழ நில்லுங்க ஆட்டுக்குட்டி," என்று சொல்லிவிட்டு அவள் தனியாக ஏறிப் போய்விட்டாள்.

அது மேலே போகும்போது டக்டக்கென்று சத்தம் கேட்டது. உச்சியில் ஒரு நிமிடம் நின்றது. விழும்போது எல்லோரும் 'ஐயோ, அம்மா' என்று கத்துவார்கள். மிசாவோ என்ன கத்தினாள் தெரியுமா? "தோமியே! எடுடீ! எடுத்துக்கோடீ!" என்று ஆற்றுமுகம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். என் கருவியை அணைத்து வைத்திருந்தேன், அப்படியும் கேட்டது.

இறங்கி வந்தாள். காது இரண்டும் பின்னால் திரும்பியிருந்தது.

"அவ என்ன எடுக்கிறது? கல்லுல இருந்து என் பேரை நானே எடுத்துடறேன்," என்றாள்.

அவள் காதைப் பிடித்து நேராகத் திருப்பி வைத்தேன்.

நம் கல்லைப் பற்றி எழுதினாய். அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நீ முந்திக்கொண்டு 'இல்லை' சொல்கிறாய். மழையில் தலை நனையாமல் பார்த்துக்கொள்.

அப்பா


குவானா
ஜூன் 24

தானெமுரா கிஹெய் அவர்களின் மகள் ரிட்சுகோ அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவள் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கே விடாத மழை, வாசலில் நீலப் பூக்கள் நன்றாகப் பூத்திருக்கின்றன. உங்கள் அப்பா உடம்புக்கு ஒன்றும் இல்லை. வாய்க்கும் ஒன்றும் இல்லை.

நேற்றுக் கல் தச்சரைக் கூட்டிக்கொண்டு என் புருஷனின் கல்லுக்குப் போனேன். புருஷனுக்குப் பத்தி ஏற்றி, விஷயத்தைச் சொன்னேன். அவர் உயிரோடிருந்தபோதும் அதிகம் பேச மாட்டார். பிறகு என் பெயரைத் தேய்த்து எடுக்கச் சொன்னேன். என் நாத்தனாரும் வந்திருந்தார். "நான் சும்மா மிரட்டினேன் அண்ணி, வேணாம், நிறுத்தச் சொல்லுங்க" என்று அழுதார். நான் நிறுத்தவில்லை. மிரட்டுவதற்கு என் பெயரை இனிமேல் யாரும் கையில் எடுக்கக் கூடாது. கல் தேய்க்கிற தூசி வாயெல்லாம் ஒட்டியது, வீட்டுக்கு வந்து இரண்டு கிண்ணம் குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

உங்கள் அம்மாவின் இடம் எனக்கு வேண்டாம். அதை உங்களிடம் நேராகச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவர் நல்ல பெண்மணி என்று உங்கள் அப்பா சொல்லிச் சொல்லி எனக்கே அவர் பழகியவர் மாதிரி ஆகிவிட்டார். ஆனால் காலையில் காபி குடிக்கவும் பூங்காவுக்குப் போகவும் நான் யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை. உங்களிடமும்தான்.

ஈரக்காற்றில் ஜலதோஷம் பிடிக்காமல் கவனமாக இருங்கள்.

மிசாவோ


கனசாவா
ஜூலை 23

அப்பாவுக்கு,

வெயில் கடுமையாக இருக்கிறது. சாப்பாடு இறங்குகிறதா? விலாங்கு மீன் அனுப்பியிருக்கிறேன், வெயிலுக்குத் தெம்பு கொடுக்கும். இரண்டு பொட்டலமாக வைத்துவிட்டார்கள், கடைக்காரர்களின் கவனக்குறைவு.

அந்தம்மாவின் கடிதம் கிடைத்தது. அவருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அந்த ரயிலின் உச்சியில் அவர் பயப்படவில்லையா?

ஆகஸ்டில், இறந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிற முன்னோர் நாட்கள் வருகின்றன. கல்லுக்கு முன்னால் உறவினர் எல்லோரும் கூடுவார்கள், எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். அதற்குள் பத்திரிகையில் வந்ததைச் சரி செய்யுங்கள். இல்லையென்றால் இந்த வருடம் நான் வர மாட்டேன். அம்மாவை வரவேற்க நான் இல்லாமல் போவது இதுதான் முதல் தடவையாக இருக்கும். அதை எனக்குச் செய்யாதீர்கள்.

ரிட்சுகோ


குவானா
ஆகஸ்ட் 4

ரிட்சுகோவுக்கு,

சில்வண்டுச் சத்தத்தில் எழுதுகிறேன், எழுத்து ஆடினால் அதுதான் காரணம். உன் உடம்பு எப்படி? கடைக்காரரின் கவனக்குறைவு ரொம்ப ருசியாக இருந்தது, மிசாவோ இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

நீ சொன்ன மாதிரியே பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். அந்த நிருபர், பாவம், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வளைந்து வளைந்து கும்பிட்டார்.

"ஐயா, நீங்க தம்பதி இல்லையாமே! தோமியேன்னு ஒரு அம்மா மூணு தடவை போன் பண்ணிட்டாங்க. தப்பு எங்களோடதுதான். நாளைக்கே திருத்தம் போட்டுடறோம்."

"அச்சடிச்சது அச்சடிச்சதுதான். திருத்த வேணாம்," என்றேன். "நீங்க என்கூட நகராட்சிக்கு வாங்க."

"எதுக்கு ஐயா?"

"நீங்க எழுதினது தப்பில்லைன்னு ஆக்கிட்டா திருத்தம் தேவையில்லையே. கல்யாணத்தைப் பதியறதுக்கு ரெண்டு சாட்சி வேணுமாம். காபிக்கடைக்கார அம்மா ஒருத்தர். தப்புப் பண்ணின ஆள் இன்னொருத்தர்."

நகராட்சியில் மிசாவோ எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தாள். நிருபர் காது வரைக்கும் சிவந்துபோய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கவுன்டரில் இருந்த அதிகாரி, "ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுத்தான் வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். மிசாவோ, "யோசிக்கற வயசெல்லாம் முடிஞ்சுதான் வந்திருக்கோம்," என்றாள்.

ஆக, ரிட்சுகோ, பத்திரிகையில் வந்தது இப்போது சரியாகிவிட்டது. நீ கேட்டபடியே செய்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் வந்து நேரில் திட்டு. கல்லுக்கு முன்னால் நான் இருப்பேன். அவள் வீட்டில் படையலுக்கு அரிசி உருண்டை பிடித்துக்கொண்டிருப்பாள், கல்லுக்கு வர மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். நீ வெயிலில் தொப்பி இல்லாமல் வராதே.

அப்பா


கனசாவா
செப்டம்பர் 18

அப்பாவுக்கு,

ஆகஸ்டில் நான் வரவில்லை. காரணம் எழுத வேண்டியதில்லை.

கல்லுக்குப் போன சித்தப்பா ஒன்று சொன்னார். உங்கள் பெயரில் சிவப்பே இல்லையாம், வெறும் கல்லாக இருக்கிறதாம். அந்தம்மா எடுத்துவிட்ட மாதிரி நீங்களும் எடுத்துவிட்டீர்களா?

இதற்கு மட்டும் விளையாடாமல் பதில் எழுதுங்கள். உங்கள் கல்யாணத்தை நான் பொறுத்துக்கொள்வேனோ மாட்டேனோ, தெரியாது. ஆனால் அம்மா பக்கத்தில் நீங்கள் இல்லை என்றால் அதை என்னால் தாங்க முடியாது.

நீங்கள் இருவரும் நலமா?

ரிட்சுகோ


நீர்நாய் நாடு, வாத்துக் குளத்துப் பெஞ்சு
அக்டோபர் 3

ரிட்சுகோவுக்கு,

காற்றில் குளிர் வந்துவிட்டது. 'நீங்கள் இருவரும்' நலம். அந்த வார்த்தையை மிசாவோவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இந்தக் கடிதத்தையும் எழுத எழுதப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து மக்காச்சோளப் பொரி தின்றுகொண்டு கேட்கிறாள். தலையில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விளையாடாமல் எழுதச் சொன்னாய். சரி.

நான் எடுக்கவில்லை. ஆறு வருட வெயிலிலும் மழையிலும் பூச்சு உரிந்து போயிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. உன் கடிதம் வந்த மறுநாள் கல்லுக்குக் கிளம்பினேன். இவளும் வருகிறேன் என்றாள். வழியில் கடையில் ஒரு சின்ன டப்பா சிவப்பும் மெல்லிய தூரிகையும் வாங்கினாள். என் கை நடுங்குகிறது என்று என்னைத் தூர நிற்கச் சொல்லிவிட்டாள். உன் அம்மாவிடம், "அக்கா, கொஞ்சம் பக்கத்துல உட்காந்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு, மண்டிபோட்டு, என் பெயரின் ஒவ்வொரு கோடாகச் சிவப்பு ஏற்றினாள். உன் அம்மா பெயரின் மேல் ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

"உன்னோடதை அழிச்சே, என்னோடதை எதுக்குப் பூசறே?" என்று கேட்டேன்.

"என்னைக் கட்டிப்போட வெச்சிருந்த சிவப்பு அது. இது நீங்க இன்னும் உசிரோட இருக்கீங்கன்னு சொல்ற சிவப்பு. ஊருக்கு மறந்துபோச்சு, உங்க பொண்ணுக்கும் மறந்துபோச்சு."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் சரி. சிவப்பு இருக்கிற வரைக்கும் நான் உயிரோடு இருக்கிறவன். அது அழிகிற அன்றைக்கு உன் அம்மா பக்கத்துக்குப் போவேன். அதில் மாற்றமில்லை, இவளுக்கும் தெரியும். அதற்கு முன்னால் என்னைச் செத்தவர்களின் கறுப்பு எழுத்தாக நடத்தாதே. புது வருடத்துக்கு வா. வந்தால் வாசலில் இரண்டு பேர் நிற்போம், ஒருவரை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வா.

இவள் சாம்பலை எங்கே வைப்பது என்று நீ கேட்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்டாக வேண்டும். இவ்வளவு நாள் கேட்கவில்லை, இப்போது உனக்கு எழுதுகிற சாக்கில் வாய்விட்டே கேட்டேன்.

"நீ எங்கே போகப்போறே?"

பொரிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள்.

"அங்க," என்று பெரிய ரயிலைக் காட்டினாள். "வரிசை நகருது பாருங்க. பிப்ரவரில எனக்கு எழுபது. அப்புறம் ஏத்த மாட்டாங்க."

"நான் கேட்டது அது இல்லை. கடைசியில..."

"நீங்க உங்க பொண்ணுக்கு எழுதிக்கிட்டே இருங்க."

எழுந்துவிட்டாள். இரு, இரு, இன்னும் முடிக்கவில்லை என்கிறேன், காது இரண்டும் கூட்டத்துக்கு மேலே ஆடிக்கொண்டே போகிறது. ரிட்சுகோ, நான் அவளிடம் சொல்ல நினைத்தது என்னவென்றால், கடல் பக்கத்தில் அவள் பெயருக்கென்று ஒரு சின்னக் கல்...